டிசம்பர் ஞாயிறும் கோர்வைத் தறியும்

ஏனாத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அங்கிருக்கும் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். 1993-இல் நிகர்நிலை அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அது. காஞ்சிபுரத்தின் விளிம்பில் இருக்கும் இந்த ஊருக்குத் தினமும் கல்லூரிப் பேருந்துகள் வந்து போகின்றன. சாலையில் அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்கிற பெண் பிள்ளைகள் இங்கே உண்டு. காஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டுத்தறியின் ஓசை கேட்டு வளர்கிறவர்களும் உண்டு.

அவர்களில் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பிளஸ் டூ படிக்கிறாள், வக்கீலாக வேண்டும் என்கிறாள். வீட்டில் தறி இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் 'கிளாட்' என்ற தேர்வைக் கேள்விப்பட்டிருக்கிறாள். நாடெங்கும் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுத வேண்டிய பொது நுழைவுத்தேர்வு அது. இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பு. கேள்விகள் முழுக்க ஆங்கிலத்தில். கடந்த சில ஆண்டுகளாக டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது.

டிசம்பரில்தான் அவளுக்கு அரையாண்டுத் தேர்வும். வடகிழக்குப் பருவமழை தறிக்குழிக்குள் நீர் ஊறச்செய்து வேலையை நிறுத்திப் போடுவதும் அந்த நாட்களில்தான். மழை விட்டதும் தை முகூர்த்தத்துக்கான சேலைகளை முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று வீடு பரபரப்பதும் அப்போதுதான். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த வீட்டில் படிக்கக் கிடைக்கும் மணி நேரங்கள் எத்தனை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை தேட 130 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. சட்டம் படிக்க வந்த பெண்ணுக்கு முன்னால் ஒரு கதவு திறந்தபோதெல்லாம் அதற்குச் சற்று முன்னால் இன்னொரு கதவு வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கதவு, எந்த வயதில் என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஏனாத்தூர்ப் பெண்ணின் டிசம்பர் நமக்குப் புரியும்.

எழுத விடுங்கள் என்று கேட்டவள்

கொர்னீலியா சொராப்ஜி 1866-இல் நாசிக்கில் பிறந்தவர். புனே டெக்கான் கல்லூரியில் முதன்மையாகத் தேறினார். அந்த இடத்தைப் பிடிக்கும் மாணவருக்கு இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகை உண்டு. அவருக்கு அது மறுக்கப்பட்டது. காரணம் அவர் பெண் என்பதே. இங்கிலாந்தில் சிலர் சேர்ந்து பணம் திரட்டினார்கள். அவர்களில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889-இல் ஆக்ஸ்ஃபர்டின் சாமர்வில் கல்லூரிக்குப் போனார். 1892-இல் குடிமையியல் சட்டப் பட்டத்துக்கான தேர்வை எழுதினார். அங்கே அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர். ஒரு பெண் அந்த அறைக்குள் உட்காரப் பல்கலைக்கழகம் தனித் தீர்மானமே நிறைவேற்ற வேண்டியிருந்தது.

தேர்வில் தேறினார். பட்டம் தரவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்ஃபர்டு 1920-இல்தான் இசைந்தது. சொராப்ஜியின் கைக்குப் பட்டம் வந்தது 1922-இல். எழுதிய தேர்வுக்கும் வாங்கிய பட்டத்துக்கும் இடையே 30 ஆண்டுகள். இடையில் இந்தியா திரும்பி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் தேர்வையும் எழுதித் தேறினார். அப்போதும் வழக்காட அனுமதி கிடைக்கவில்லை. தேர்வுகளை எழுதிக்கொண்டே இருந்தார், கதவுகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன.

1904-இல் வங்காள அரசின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறையில் அவருக்கு ஒரு பதவி கிடைத்தது. திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் வேலை. ஆண் வக்கீலின் முகத்தையே பார்க்க முடியாத பெண்கள், தங்கள் சொத்துப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த காலம். பெண்ணுக்குப் பெண் வக்கீல் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய அன்றாட வேலையே பதிலாக இருந்தது. அரசியலில் அவர் பிரிட்டிஷ் ஆட்சியின் பக்கம் நின்றவர், காந்தியை எதிர்த்தவர். அதையும் சொல்லித்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். முதல் கதவைத் தட்டியவர் எல்லா விஷயத்திலும் நம் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வரலாறாகாது.

'அவன்' என்ற சொல்லில் அவள் உண்டா?

கல்கத்தாவில் ரெஜினா குஹா சட்டப் பட்டம் பெற்று, 1916-இல் அலிப்பூர் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். தகுதிகள் எல்லாம் இருந்தன. விண்ணப்பம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன்னால் போய் நின்றது. அவருக்காக வாதாடியவர் ஈயர்ட்லி நார்ட்டன். நெடுங்காலம் சென்னையில் வக்கீலாகப் புகழ்பெற்றிருந்தவர்.

வழக்கு ஒரு சுட்டுப்பெயரைச் சுற்றி நடந்தது. 1879-ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம், வக்கீலை ஆண்பாலில் குறிப்பிட்டது. ஆண்பாற்சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்று பொது விளக்கச் சட்டம் சொல்லியிருந்தது. ஆனால் இந்த இடத்தில் அந்த விளக்கம் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு தள்ளுபடியானது. 1921-இல் சுதான்சுபாலா ஹஸ்ரா பாட்னா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கல்கத்தாவைக் காட்டி அங்கேயும் மறுத்தார்கள். அதே 1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது. ஒரே நாடு, ஒரே சட்டம். கங்கைக் கரையில் ஓர் ஊரில் பெண் வக்கீலாகலாம், இன்னோர் ஊரில் ஆக முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு 1923-இல் வந்தது. பெண் என்ற ஒரே காரணத்தால் யாரையும் வழக்குரைஞர் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்குகளில் தோற்ற பெண்கள்தான் அந்தச் சட்டத்தை அவசியமாக்கினார்கள். ரெஜினா குஹாவின் பெயர் பாடப்புத்தகத்தில் இல்லை. நம் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் எத்தனை மாணவிகளுக்கு அந்த வழக்கு தெரியும்?

இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் கதவு இருந்த இடம். ரெஜினா குஹா படிக்கத் தடையில்லை, தேர்வெழுதத் தடையில்லை, பட்டம் வாங்கவும் தடையில்லை. தடை கடைசிப் படியில் இருந்தது. அதனால் அது கண்ணுக்குத் தெரிந்தது, அதன் மேல் வழக்குப் போட முடிந்தது, தீர்ப்பாக எழுதப்பட்டது, மாற்றவும் முடிந்தது. பின்னால் வந்த கதவுகளுக்கு இந்த வசதி இல்லை.

1929

தமிழ்நாட்டுப் பெண்களின் சட்ட வரலாற்றில் 1929-ஐத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அதே ஆண்டில் ஆனந்தா பாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்தார். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் வழக்குரைஞர் ஆனவர் அவர்.

ஒன்று தெருவில் நடந்தது, மற்றொன்று நீதிமன்றத்தில். இரண்டும் சந்தித்துக்கொள்ள நெடுங்காலம் ஆனது. செங்கல்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன. 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. அதிலும், திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே திருமணமாகிப்போன பெண்களுக்குப் பங்கில்லை. திருமண நாள் எதுவென்று பார்த்து உரிமையை அளந்த சட்டம் அது. மத்திய அரசின் திருத்தம் 2005-இல் வந்த பிறகே அந்த வேறுபாடு போனது.

திருமணம் சொத்துக்கு மட்டும் எல்லைக்கோடாக இருக்கவில்லை, சட்டப் படிப்புக்கும் இருந்தது. அந்நாளில் முதலில் ஒரு பட்டம் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் சட்டக் கல்லூரி. பட்டம் முடிக்கும்போது பெண்ணுக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும். "பி.ஏ. முடிச்சாச்சு, இனி மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிற வயது. 1923-க்குப் பிறகு எந்தச் சட்டமும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையும் இருக்கவில்லை. வீடே பார்த்துக்கொண்டது.

அதைக் கடந்து வந்தவர்களைப் பார்த்தால், பின்னால் வீட்டில் யாரோ ஒருவர் நின்றிருப்பார். திருவிதாங்கூரில் அன்னா சாண்டி 1937-இல் முன்சீப் ஆனார். 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் அவர். அவரை முன்மாதிரியாகக் காட்டித் தன் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார் பத்தனம்திட்டைக்காரர் ஒருவர். மகள் பாத்திமா பீவி 1950-இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பிடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997-இல் தமிழ்நாட்டுக்கே ஆளுநராக வந்தார். அந்தத் தந்தை வேறு மாதிரி நினைத்திருந்தால்? ஒரு பெண்ணின் எதிர்காலம் தந்தையின் நல்ல மனதைப் பொறுத்து இருக்கும்வரை அதை உரிமை என்று சொல்ல முடியாது.

கோர்வையில் ஒரு துணையாள்

1980-களில் இந்தியச் சட்டக் கல்வியில் பெரிய மாற்றம் வந்தது. பள்ளி முடித்த கையோடு சேரக்கூடிய ஐந்தாண்டுச் சட்டப் படிப்பைப் பார் கவுன்சில் கொண்டுவந்தது. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி அமைப்பதற்கான சட்டத்தைக் கர்நாடகம் 1986-இல் இயற்றியது. 1988-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதைப் பின்பற்றி மற்ற மாநிலங்களிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் வந்தன. திருச்சிக்கு அருகே நாவலூர்குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கியது.

பெண்கள் நோக்கில் இந்த மாற்றத்துக்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் நல்லது. சட்டம் படிப்பதா வேண்டாமா என்ற முடிவு இருபத்தொரு வயதிலிருந்து பதினேழுக்கு இறங்கியது. மாப்பிள்ளை பேச்சு எழுவதற்கு முன்பே ஒரு பெண் ஐந்தாண்டுப் படிப்புக்குள் நுழைந்துவிடலாம். பாதியில் நிறுத்துவது வீட்டுக்கும் கஷ்டம். இன்று சட்டக் கல்லூரி வகுப்பறைகளில் பெண்கள் இவ்வளவு பேர் உட்கார்ந்திருப்பதில் இந்த வயதுக் கணக்குக்கும் பங்குண்டு.

மறுமுகத்தைப் பார்க்க நாம் மறுபடி தறிக்கு வர வேண்டும். பதினேழில் சட்டக் கல்லூரி என்றால், பதினாறிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். அந்தப் பதினாறு வயது எங்கே செலவாகிறது?

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி ஊடைநூலால் நெய்யப்பட்டு, நெய்யும்போதே ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்கு மூன்று நாடா வேண்டும். தறிக்குழியில் கால் வைத்து நெய்பவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர். அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு குழந்தையாக இருந்தது. வீட்டுக் குழந்தை, அல்லது முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்ட அடுத்த வீட்டுக் குழந்தை. சேலையின் நுட்பமே ஒரு சிறு கையை அந்த இடத்தில் எதிர்பார்த்தது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைக் கொத்தடிமை முறை இருந்ததை மனித உரிமை அமைப்புகள் 2000-களின் தொடக்கம்வரை பதிவு செய்திருக்கின்றன.

பெங்களூர்ச் சட்டப் பள்ளிக்குச் சட்டம் வந்த அதே 1986-இல்தான் நாடாளுமன்றம் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் நெசவும் இருந்தது. ஆனால் ஒரு விலக்கும் இருந்தது: தொழில் நடத்துபவர் தன் குடும்பத்தின் துணையோடு நடத்தும் பணியிடத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. அதாவது அடுத்த வீட்டுப் பிள்ளை தறியில் உட்கார்ந்தால் குற்றம். சொந்த மகள் உட்கார்ந்தால் அது வேலையே இல்லை, வீட்டு ஒத்தாசை.

2016-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எல்லா வேலையும் தடை என்று கடுமையாக்கினார்கள். அப்போதும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு நீடித்தது. பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குழந்தை குடும்பத் தொழிலுக்கு உதவலாம். பதினான்கைத் தாண்டியவர்களுக்கு அபாயகரமான தொழில்கள் மட்டுமே தடை.

பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும். இந்தச் சொற்களை மெதுவாகப் படியுங்கள். நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையும் படிப்பது இந்த நேரத்தில்தான். ஒரு வீட்டில் அது பயிற்சி வகுப்பு நேரம். இன்னொரு வீட்டில் அது ஒத்தாசை நேரம். இன்று தறியின் பக்கத்தில் குழந்தைகளைப் பார்ப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவியோ வளர்ந்த மகளோ உட்கார்கிறார்கள். தறியில் இல்லாவிட்டால் சமையலறையில், தண்ணீர்க் குழாயில், தம்பியின் வீட்டுப் பாடத்தில். நெசவில்லாத வீடுகளுக்கும் இது பொருந்தும். கலைந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பெண் பிள்ளையின் மாலைப்பொழுது எங்கே போனதென்று தெரியும்.

கிளாட் வந்த கதை

ஆரம்பத்தில் ஒவ்வொரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் தனித்தனித் தேர்வு நடத்தியது. தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம், தனித்தனிப் பயணம். சில சமயம் இரண்டு தேர்வுகள் ஒரே நாளில் மோதிக்கொள்ளும். 2006-இல் ஒரு மாணவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2007 நவம்பரில் ஏழு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதல் பொதுத்தேர்வு 2008 மே மாதம் நடந்தது. தனியாக வெளியூர் அனுப்பப்படாத பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒரே தேர்வு, பல இடங்கள்.

2020-இல் தேர்வின் போக்கு மாறியது. பொது அறிவுத் துணுக்குகளை மனப்பாடம் செய்து எழுதும் முறை போய், நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் முறை வந்தது. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், தர்க்கம், எளிய கணிதம் என ஐந்து பகுதிகள். சட்டத் தர்க்கப் பகுதிக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு விதியைக் கொடுத்து, ஒரு சம்பவத்தைக் கொடுத்து, விதியைப் பொருத்திப் பார்க்கச் சொல்வார்கள். ரேஷன் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கந்துக்காரரிடமும் அம்மா வாதாடுவதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இந்தத் தர்க்கம் புதிதில்லை. அவளுக்கு அந்நியமாக இருப்பது அது கேட்கப்படும் மொழி.

ஏறக்குறைய கால் பங்குக் கேள்விகள் நடப்பு நிகழ்வுகளைச் சுற்றியவை. அதற்குத் தினமும் செய்தித்தாள் படியுங்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். நம் ஊர்களில் செய்தித்தாள் எங்கே கிடக்கிறது என்று அறிவுரை சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை. டீக்கடை பெஞ்சில், முடிதிருத்தும் கடையில், கட்சி மன்றத்தில். நாட்டு நடப்பைப் பேசக் கற்றுக்கொள்ளும் இடங்களில் ஒரு பதினாறு வயதுப் பையன் போய் உட்காரலாம். பெண் உட்கார முடியாது. அவளுக்கு இருப்பது கிளை நூலகம். அதுவும் மாலையில் வீட்டு வேலையும் இருட்டும் அனுமதித்தால்.

மொழிப் பிரச்சினை பேசப்படாமல் இல்லை. கிளாட்டை மற்ற இந்திய மொழிகளிலும் நடத்த வேண்டுமென்று 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வசதியற்ற பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டெடுத்து இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்க, சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் 'ஐடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் 2019-இல் மறைந்த பிறகும் அந்தப் பணி தொடர்கிறது.

இதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட மாற்றம் ஒன்றுண்டு. கிளாட் பல ஆண்டுகளாக மே, ஜூன் பக்கம் நடந்துவந்தது. மார்ச்சில் பொதுத்தேர்வை முடித்த மாணவிக்கு இடையில் இரண்டு மாதம் கிடைக்கும். அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு இந்த இரண்டு மாதம்தான் மூச்சுவிட நேரம். 2022-இல் ஒரே ஆண்டில் இரண்டு கிளாட் நடந்தன. ஜூன் 19-இல் ஒன்று, டிசம்பர் 18-இல் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான இன்னொன்று. அன்றிலிருந்து தேர்வு டிசம்பருக்குப் போய்விட்டது. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வை எழுதியாக வேண்டும். அப்படியானால் ஆயத்தம் பதினொன்றாம் வகுப்பில் தொடங்க வேண்டும், முடிவு பத்தாம் வகுப்பிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிகளில் அது நடக்கிறது. பத்தாம் வகுப்பில் கிளாட் என்ற சொல்லையே கேள்விப்படாத பெண்ணுக்கு, கேள்விப்படும்போது தேதி முடிந்திருக்கும்.

விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 3,500. அந்தச் சலுகைக்குப் பெயர் 500 ரூபாய்! கல்லூரிக் கட்டணமோ ஆண்டுக்கு லட்சங்களில். தம்பியும் படிக்கிற வீட்டில் அந்த 4,000 யாருக்காக எடுக்கப்படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெஜினா குஹாவின் கதவு தீர்ப்பில் எழுதியிருந்தது. இந்தக் கதவு எங்கும் எழுதப்படவில்லை. விதிமுறையில் பெண் என்ற தடை கிடையாது. தேதியிலும் மொழியிலும் கட்டணத்திலும் மாலை நேரத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்த நீதிமன்றத்தில் போய் எதன் மேல் வழக்குப் போடுவது?

தமிழ்நாட்டின் இன்னொரு வழி

தமிழ்நாடு வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. 1997-இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கின்றன. தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு வேண்டாம் என்று 2006-இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் மாணவிகளே முந்துகிறார்கள். மதிப்பெண் வழியே சேர்க்கை என்பது கிராமத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் சாதகம் என்று பேசுகிறோம். அது பெண்களுக்கும் சாதகம் என்பதைச் சேர்த்துப் பேச வேண்டும். செங்கல்பட்டில் ஓர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பெண்ணுக்குப் பேருந்து தூரம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வரலாறு இருக்கிறது. 1989-இல், பெண்களுக்குச் சொத்துரிமை வந்த அதே ஆண்டு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். படிக்க வைத்தால் கல்யாணத்துக்குப் பணம் என்ற ஏற்பாடு. பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அதே பெயரில் திட்டம் மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. புதுமைப் பெண் என்று அழைக்கிறோம். கல்யாணச் செலவிலிருந்து படிப்புச் செலவுக்கு வர நமக்கு 33 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஆயிரமும் கல்லூரிக்குள் கால் வைத்த பிறகுதான் வருகிறது. கல்லூரிக்கு முன்னால் இருக்கும் டிசம்பருக்கு எதுவும் இல்லை.

மதிப்பெண் வழி இருக்கிறதே, கிளாட் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். மாநிலக் கல்லூரிகளைத் தாழ்வாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பெண் நீதிபதி ஆர். பானுமதி, 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதியானவர். பெங்களூரில் முதல் மாணவர்கள் சேர்ந்த ஆண்டு அது. கிளாட் எழுதியவர்தான் நல்ல வக்கீல் என்று வரலாறு சொல்லவில்லை. ஆனாலும் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கப் போவதும், உச்ச நீதிமன்ற வளாகத்தில் இளம் வழக்குரைஞர்களுக்கு அறிமுகங்கள் கிடைப்பதும், வெளிநாட்டுப் படிப்புக்கு வழி திறப்பதும் பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களைச் சுற்றித்தான். அவை மக்கள் வரிப்பணத்தில் அரசு தந்த நிலத்தில் சட்டமன்றங்கள் உருவாக்கியவை. ஏனாத்தூர்ப் பெண்ணுக்கு வேறொரு வழி இருக்கிறது என்று சொல்லி இந்த வழியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பது நியாயமாகாது. இரண்டும் வேண்டும். எது என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்ன கேட்பது?

கேட்க வேண்டியவை எளியவைதான். தேர்வைப் பொதுத்தேர்வுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். 2022 ஜூன்வரை முடிந்தது இனியும் முடியும். தமிழிலும் எழுத விடுங்கள். அரசுப் பள்ளி மாணவிகளின் கட்டணத்தை அரசே கட்டட்டும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் சொல்வதைப் போலச் சட்டத்தைப் பற்றியும் பத்தாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லட்டும்.

வீட்டில் கேட்க வேண்டியதும் இருக்கிறது, அது இவ்வளவு எளிதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் அவளை எதற்கும் கூப்பிடாதீர்கள். கரை நாடாவைத் தள்ள அண்ணன் உட்காரட்டும், பாத்திரத்தை அப்பா கழுவட்டும். செய்தித்தாள் ஒன்று வீட்டுக்கு வரட்டும். இதைப் படிக்கும் மாணவிகளில் யாராவது ஏற்கெனவே சட்டம் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் பழைய பள்ளிக்கு ஒரு நாள் போய்ப் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் அரை மணி நேரம் பேசுங்கள். பாத்திமா பீவிக்கு அன்னா சாண்டியைக் காட்டித் தந்தது ஒரு தந்தை. காட்டித் தர ஆளில்லாத பெண்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.

ஏனாத்தூர்ப் பெண் இந்த டிசம்பரில் தேர்வு எழுதுவாளா என்று தெரியாது. எழுதினால், சட்டத் தர்க்கப் பகுதியில் ஒரு விதியைக் கொடுத்து அதன் விலக்கைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விலக்கை அவள் பத்தியாகப் படிக்க வேண்டியிருக்காது. அதற்குள்தான் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அந்த விலக்கை எழுதிய இடத்தில் அவளைப் போல ஒருத்தி அன்று இருக்கவில்லை. இனிமேல் எழுதப்படும்போதாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அந்தத் தேர்வை எழுத வேண்டும் என்கிறேன்.